உள்ளங்கைச் சூடு

அப்பா அளவுக்குச் சாமி கும்பிட்ட மனுஷரை நான் பார்த்ததில்லை. இஸ்திரிக் கடையில் ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு வேண்டுதலை முணுமுணுத்த பிறகுதான் மடிப்பார். போட்டுக்கொள்கிறவன் எக்கேடு கெட்டாலும் சட்டை நேராகச் சொர்க்கத்துக்குப் போய்விடும் என்று அம்மா கிண்டல் செய்வாள்.

விடிந்ததும் கடைக்குக் கிளம்புமுன் எங்கள் ஒவ்வொருவர் தலையிலும் கைவைத்து வேண்டிக்கொள்வார். தூங்கினால் எழுப்ப மாட்டார். காலமெல்லாம் இஸ்திரிப் பெட்டி பிடித்த கை, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுடும். அவர் போன பிறகும் உச்சந்தலையில் அந்தச் சூடு வெகுநேரம் நிற்கும்.

அன்றைக்குக் கடைக்கு யாரைக் கூட்டிப்போகிறாரோ அவருக்கு மட்டும் கைவைக்க மாட்டார். வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார், அதுதான் அழைப்பு. சின்ன வயதில் தம்பி இதற்காக அழுது ஆர்ப்பாட்டம் செய்திருக்கிறான்.

"கூட வர்றவனுக்கு எதுக்குடா? நான்தான் பக்கத்துலயே இருக்கப்போறேனே" என்பார்.

அப்பாவின் இறுதிக் காரியம் முடிந்த மறுநாள் காலை, அம்மா தலையைத் தடவிக்கொண்டே எழுந்து வந்தாள்.

"உனக்கும் சுடுதா?"

சுட்டது. தம்பிக்கும் சுட்டது. அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். "செத்தும் மனுஷன் வேலைய விடல பாரு!"

தினமும் அப்படியே நடந்தது. போகப்போக அதுவும் பழகிவிட்டது.

ஒருநாள் காலை தம்பி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தான். லாரி ஓட்டுகிறவன், அன்றைக்கு மலைப்பாதையில் சிமென்ட் மூட்டை ஏற்றிப்போக வேண்டும்.

"எனக்கு மட்டும் இன்னைக்குக் கைவைக்கல அக்கா. அப்பாவுக்கு என்மேல என்ன கோபமோ!" என்றபடி சாவியை எடுத்தான்.

அம்மாவின் கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்தது. "கூட வர்றவனுக்கு..." என்று தொடங்கினாள்.

நான் பாய்ந்து சாவியைப் பிடுங்கித் தெருச் சாக்கடையில் வீசினேன்.

"பைத்தியமா உனக்கு? முதலாளிக்கு யாரு பதில் சொல்றது?" என்று தம்பி கத்தினான்.

"நான் சொல்றேன், போ உள்ள!"

ஆத்திரம் அடங்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த அப்பா படத்துக்கு முன்னால் போய் நின்றேன். அவர் உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை.

"இவன விட்டுருங்க! துணைக்கு ஆள்தானே வேணும்? என்னைக் கூப்பிடுங்க!"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். தம்பி என்னோடு பேசாமல் பகல் முழுக்கக் குறட்டை விட்டுத் தூங்கினான். அந்தக் குறட்டைகூட அன்றைக்கு எனக்கு இனித்தது.

மறுநாள் விடிந்ததும் அவனே ஓடி வந்தான். "அக்கா, தொட்டுப் பாரு! கொதிக்குது. கோபம் போயிருச்சு!"

அம்மா அவன் தலையைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். எனக்கும் போன உயிர் திரும்பிவந்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் என் உச்சந்தலையைத் தொட்டேன்.

சில்லென்று இருந்தது.

"உனக்கு?" என்றாள் அம்மா, தம்பியை விடாமல்.

"சுடுதும்மா" என்றேன்.

வாசலில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. அவர்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.