முதுகு காட்டிய சாமந்திகள்

1987 ஜூன் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மினசோட்டாவில் எங்கள் ஆல்ஸ்ட்ரம் ஊரின் தபால் நிலையத்துக்கு எதிரே, தொட்டியிலிருந்த பதினான்கு மஞ்சள் சாமந்திப் பூக்களும் சூரியனுக்கு முதுகைக் காட்டி மேற்கே திரும்பின. எல்வீரா நூட்சன் செத்தபோது வந்த செடி அது. சியாட்டிலில் இருக்கும் மகள், அடக்கத்துக்கு வர முடியவில்லை என்று செடியை மட்டும் அனுப்பியிருந்தாள். லிண்டல் போதகர் மீன்பிடிக்கக் கொண்டுபோகும் திசைகாட்டியை எடுத்து வந்து பார்த்தார். "சியாட்டில்தான். இம்மி பிசகல" என்று சொல்லிவிட்டுப் பைபிள் வகுப்புக்குப் போனார்.

தொட்டியை வைத்தவர் ஆர்லன் பிரெக்கி. முன்கட்டில் சோபாவும் கட்டிலும், பின்கட்டில் சவப்பெட்டியும் விற்பவர். சின்ன ஊர்களில் இரண்டும் ஒரே கடைதான், அதில் யாருக்கும் கூச்சமில்லை. அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழறையில் பன்றியிறைச்சி சாண்ட்விச்சும் காப்பியும் தீர்ந்ததும், வந்த பிள்ளைகள் விமானத்தைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். செடிகளை யார் தூக்கிக்கொண்டு போவது? அவற்றை ஆர்லன் மெயின் தெருவில் நட்டார். ஊரை அழகாக்கிவிட்டால் போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று அந்த மனிதர் மனதார நம்பினார். பால் பண்ணை மூடியது, பள்ளிக்கூடம் மூடியது, ரயில் நிற்காமல் போனது. தொட்டிகள் மட்டும் நாற்பத்தொன்றாகப் பெருகின. செத்தவர்கள் யாரை எதிர்பார்த்துக் கண்ணை மூடினார்களோ அவர்கள் பக்கமே பூக்கள் திரும்பின. டென்வருக்கு ஏழு, டாலஸுக்கு நான்கு, யாருக்கும் பெயர் தெரியாத ஒரு பெண்ணை நினைத்து ஒன்று. அழகிய ஊர்ப் போட்டிக்கு நடுவர்கள் வந்த வருஷம், சவப்பெட்டி தள்ளும் வண்டியில் வைத்து விடியற்காலையில் எல்லாத் தொட்டிகளையும் தெருவைப் பார்க்கத் திருப்பினார். நடுவர்கள் வருவதற்குள் அத்தனையும் பழையபடி திரும்பிவிட்டன. காம்பையும் இலையையும் பார்த்துவிட்டு மூன்றாம் பரிசு கொடுத்தார்கள்.

அவர் மனைவி மார்லிஸ், செத்தவர்களுக்குத் தலை வாரிவிடுவாள். குழந்தைகள் இல்லை. கோடைக்காலம் முழுக்க அவர் தண்ணீர் டாங்க்கோடு தெருவில் இருந்தார். குளிர்காலத்தில் செடிகளோடு கடையின் கீழறையில் இருந்தார். மார்லிஸ் இரண்டு தட்டு வைத்து, ஒன்றை மூடிவைத்துவிட்டுச் சாப்பிட்டாள். ஒருநாள் தாங்காமல் கேட்டே விட்டாள்.

"ஏன் ஆர்லன், நான் போயிட்டா என் செடி எந்தப் பக்கம் திரும்பும்னு என்னிக்காவது யோசிச்சிருக்கியா?"

"நீ எங்க போகப்போற? டாங்க்ல குழாய் ஒழுகுது, அதைப் பாக்கணும்."

"என் செடி அந்த டாங்க்கத்தான் பாக்கும். நீ அங்கதான இருப்ப!"

அவர் நல்ல ஜோக்கைக் கேட்டவர்போலச் சிரித்துவிட்டு, குறடைத் தேடப் போனார்.

2003 அக்டோபரில், பதினேழாம் தொட்டிக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தபோதே குப்புற விழுந்து செத்தார். மார்லிஸ் அவருக்கும் தலை வாரினாள். ஊரில் மிச்சமிருந்த அறுபத்திரண்டு பேரும் சேர்ந்து ஒரு வெள்ளைச் சாமந்தி வாங்கிக் கொடுத்தார்கள். அதை அவள் தெருவுக்குக் கொண்டுபோகவில்லை. வீட்டின் பக்கவாட்டில், சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்தாள். வெந்நீரும் வினிகரும் போட்டு ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டுமென்றால், தலையும் சீவிக்கொண்டாள். அறுபத்தாறு வயதில் அவளுக்கு வேண்டியிருந்தது இது ஒன்றுதான்: அந்த மனிதர் ஒரு தடவையாவது அவளைப் பார்க்க வேண்டும்.

பூக்கள் எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்க்க ஊரார் எல்லோரும் மடக்கு நாற்காலியோடு வந்து புல்தரையில் உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டு வெர்னா ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்தாள். "உன்னைத்தான்டி பாக்கப்போறான். வேற யாரு இருக்கா அவனுக்கு?" என்றாள். மார்லிஸ் ஜன்னலுக்குள் நின்றாள். மூன்றாம் நாள் மதியம் பூக்கள் மெல்ல அசைந்து, ஜன்னலைத் தாண்டி, இன்னும் திரும்பி, மெயின் தெருவைப் பார்த்து நின்றன. தொட்டிகள் நாற்பத்தொன்றும் இருக்கும் பக்கம். வெர்னா ஆப்பிள் பையை வெட்டாமலே எடுத்துக்கொண்டு போனாள்.

மார்லிஸ் தொட்டியைக் கையால் திருப்பினாள். மதியத்துக்குள் அது பழையபடி ஆனது. ஆறு நாள் திருப்பினாள். ஆறாம் நாள் மண்ணில் முழங்காலிட்டு, "இங்க பாருய்யா... ஒரே ஒரு தடவை, இங்க பாரு" என்று அழுதது இரண்டு வீடு தள்ளிக் கேட்டது. ஏழாம் நாள் விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகும் பதினொரு வருஷம் இருந்தாள். பனி விழுவதற்கு முன் செடியை உள்ளே எடுத்துவைத்தாள், பனி உருகியதும் வெளியே வைத்தாள். எதிரே போய் நின்று ஊற்றினால் பூக்கள் அவளைத் தாண்டித் தெருவையே எட்டிப் பார்க்கும். அதனால் வீட்டுப் பக்கமிருந்தே தண்ணீர் ஊற்றினாள். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷம் பார்த்துப் பழகிய முதுகு அது. எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.