நாத்தனார் பட்டறையில் மரவள்ளிப் பை

பல்கலைக்கழகத்தில் பாலிமர் துறை இருந்தது. உருக்கிய கலவையைக் குமிழாக ஊதி மெல்லிய பிலிமாக்குகிற இயந்திரம் மட்டும், வராத உதிரிபாகத்துக்காக மூலையில் துணி போர்த்திக்கொண்டு கிடந்தது. அந்தத் துறையின் பேராசிரியை மரவள்ளி மாவையும் கிளிசரினையும் கலந்து தட்டில் ஊற்றி, காய்ந்ததும் உரித்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். நாற்றுப் பைக்கான பிலிம் அது. பையோடு நட்டுவிட்டால் மண்ணோடு மண்ணாகிவிடும். கட்டுரை அனுப்பியபோது, தட்டில் வந்தது சரி, பட்டறையில் வருமா என்று கேட்டு ஆய்விதழ்க்காரர்கள் திருப்பினார்கள். ஊதிப் பார்க்கச் சொல்லி வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிய மாவுக் கலவைக் குருணையோ சுங்கக் கிடங்கில் ஈரம் குடித்து, களியாகப் போய்ச் சேர்ந்தது.

ஊரில் ஓடுகிற ஊது இயந்திரம் ஒன்றே ஒன்றுதான். அது நாத்தனாருடையது. கணவனின் அக்காவான அவர், பாலிதீன் பைப் பட்டறைக்கு முதலாளி. பிளாஸ்டிக் பைகளை எதிர்த்துப் பேராசிரியை மேடையில் பேசியதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேராசிரியை கணவனைத் தூது போகச் சொன்னாள். உங்கள் இருவருக்கும் நடுவில் மாட்டினால் நான் சட்னி என்று அவன் நழுவிவிட்டான். வேறு வழியில்லாமல் அவளே பட்டறைக்குப் போய்க் கேட்டு நின்றாள்.

நாத்தனார் கணக்குப் பார்ப்பதை நிறுத்தவில்லை. "என் மிஷின்லயே எனக்குக் குழி வெட்டணும்னு வந்திருக்கே, அப்படித்தானே?"

"ஆமா அண்ணி, ஒரு வகையில அப்படித்தான்," என்றாள் அவள். மழுப்ப வாய் வரவில்லை.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தார். என்ன நினைத்தாரோ, மறுநாள் காலையில் வரச் சொன்னார்.

காலையில் இயந்திரத்தில் குருணையைக் கொட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை அடித்தது. குமிழாக எழும்ப வேண்டிய பிலிம், பழுப்பு நிறத்தில் கிழிந்து கிழிந்து வழிந்தது. பிறகு அதுவும் நின்றது. உள்ளே கலவையைத் தள்ளிக்கொண்டு போகும் திருகுத்தண்டில் மாவு கருகிக் கட்டியாகிவிட்டிருந்தது. அன்று அனுப்ப வேண்டிய சரக்கு அனுப்பாமலே நின்றது. நாத்தனார் இயந்திரத்தைப் பிரிக்கச் சொன்னார். பேராசிரியையும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தொழிலாளர்களோடு உட்கார்ந்து திருகுத்தண்டைச் சுரண்டினாள். விரல் நகமெல்லாம் கரி.

சுரண்டும்போதுதான் யோசித்தாள். தண்டில் கலவை நுழைகிற முனையில் இருந்த மாவு வெந்ததோடு சரி, நடுவில்தான் கரி. ஆய்வகத்தில் குருணை செய்கிற சின்னக் கருவியில் கலவை நுழைந்த வேகத்தில் வெளியே வந்துவிடும். இங்கே நீளக் குழாயில் ஊர்ந்து ஊர்ந்து போகிறது. அதே சூட்டை இங்கேயும் வைத்தது தன் புத்திதான் என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறை. திரும்பிப் போய்க் கலவையை மாற்றினாள், கிளிசரினைக் கூட்டினாள், குருணையை நன்றாக உலர்த்தி டப்பாக்களில் இறுக மூடினாள். மறுபடி கேட்கத்தான் நாக்கு எழவில்லை.

நாத்தனாரே போனில் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை மிஷின் சும்மாத்தான் இருக்கும். கடைசியில சுத்தம் பண்ணிட்டுப் போகணும், ஆமா."

ஞாயிறன்று சூட்டைக் குறைத்து மெல்ல ஓட்டினார்கள். முதலில் ஒரு கொழகொழப்பு. பிறகு இயந்திரத்தின் வாயிலிருந்து பால் நிறத்தில் ஒரு குமிழ் உப்பி, தயங்கி, மேலே ஏறியது. உருளைகள் அதைத் தட்டையாக அழுத்திச் சுருட்டத் தொடங்கின. பேராசிரியை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். நாத்தனார் ஒரு துண்டை வெட்டி, இரு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"கிழியும்," என்றார். "ஆனா உடனே கிழியாது."

"நாத்துப் பைக்கு அது போதும் அண்ணி."

அந்தச் சுருள் முழுவதையும் பையாக்கி நாற்றங்காலுக்குக் கொடுத்தார்கள். மழை பெய்தும் பெரும்பாலான பைகள் நட்டு முடிக்கிறவரை தாங்கின. சில, ஒட்டிய ஓரத்தில் விட்டுப்போயின. இரண்டையும் மறைக்காமல் எழுதினாள். கட்டுரையில் நாத்தனார் பெயரையும் சேர்த்தாள். கட்டுரை ஏற்கப்பட்டது. அக்கா பெயரும் வந்திருக்கிறது, என் பெயர் எங்கே என்று கணவன் துருவித் துருவிக் கேட்டான்.

பாலிதீன் பையை நாத்தனார் நிறுத்திவிடவில்லை. கூலி கொடுக்க அதுதான் ஓடியாக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் பேராசிரியைக்கும் அவளுடைய மாணவர்களுக்கும் என்று ஆயிற்று. ஒரு ஞாயிறு அவள் போய்ச் சேர்வதற்குள், ஓரம் விட்டுப்போன பைகளை மேசையில் பரப்பி, பையின் ஓரத்தைச் சூட்டில் ஒட்டும் கம்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் நாத்தனார்.