தவிட்டுக்கு விற்ற மகள்

நான் பெற்ற மகளை நானே தத்தெடுக்க வேண்டுமாம். கேட்கும்போதே உங்களுக்குத் தலை சுற்றுகிறதல்லவா? இதற்காக எட்டு மாதம் அலைந்தவள் நான். எனக்கு எப்படிச் சுற்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எல்லாம் ஆரம்பித்தது துறையூர்ப் பக்கம் எங்கள் ஊரில். எனக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக இந்திராதேவி பிறந்ததும், இதையாவது காப்பாற்ற வேண்டுமானால் தவிட்டுக்கு விற்றுவிடு என்று ஊர்ப் பெண்கள் கூடிச் சொன்னார்கள். பிள்ளையை முறத்தில் கிடத்தினோம். என் அக்கா ராமாத்தாள் ஒரு படி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டாள். இனி அது அவள் பிள்ளை, என் பிள்ளையைத் தேடி வரும் எமன் ஏமாந்து திரும்பிப் போவான் என்று நம்பிக்கை. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் நடப்பதுதான். விற்ற பிள்ளை பெற்றவள் மடியிலேயே பால் குடித்துக்கொண்டு கிடக்கும். அதோடு சரி.

எங்கள் வீட்டில்தான் அதோடு போகவில்லை. அந்த வாரமே பிறப்புப் பதிய ஆள் வந்தார். தாய் பெயர் என்ன என்று கேட்டார். எமன் காதிலும் விழட்டும் என்று அக்கா சத்தமாகத் தன் பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயருக்குத் தன் புருஷன் பெயரைக் கொடுத்தாள். நான் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுத்துப் பேசினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். தேவிக்குப் பேச்சு வந்ததும் அக்காவை அம்மா என்றும் என்னைச் சித்தி என்றும் கூப்பிடப் பழக்கினோம். இப்போது அக்காவைத் திட்டி என்ன பயன்? கூட இருந்த முட்டாள் நான்தானே.

தேவிக்கு நான்கு வயதாகும்போது அவளைப் பெற்ற அப்பா, என் புருஷன், செத்துப்போனார். மலேசியாவில் மலாக்கா, டுரியான் துங்கால் பக்கம் எஸ்டேட்டிலிருந்து, மனைவியை இழந்த வீராசாமி பெண் தேடி வந்தார். தூரத்துச் சொந்தம். என்னைக் கட்டிக்கொண்டார். "நீ மொத வா முத்தாயி. உனக்குக் கார்டு கெடச்சதும் பிள்ளையைக் கூட்டிக்கலாம்" என்றார். தேவியை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனேன். அவர் நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. கார்டு கிடைக்கத்தான் பத்து வருடம் ஆயிற்று. அதற்குள் நாங்கள் எஸ்டேட்டை விட்டுப் புக்கிட் ரம்பாய்க்கு வந்து, அவர் பேக்டரி பஸ் ஓட்ட, நான் அதே பேக்டரியில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. தொண்ணூற்றாறு ஜனவரியில் இங்கே நிரந்தரமாகத் தங்கலாம் என்ற சிவப்புக் கார்டு கைக்கு வந்த மறுநாளே மகளைக் கூப்பிட எழுதிப் போட கவர்மெண்டு ஆபீசில் போய் நின்றேன்.

முகப்பில் ஒரு மலாய்க்கார அதிகாரி அம்மாள், மரியாதைக்குப் புவான் என்போம். அவர் பிறப்புப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு, இது வேறு யாருடைய பிள்ளையோ என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் கதையை முழுக்கச் சொன்னேன். தவிடு என்பதற்கு மட்டும் வார்த்தை வரவில்லை. வீராசாமி உதவிக்கு வந்தார்.

"டெடாக், புவான். டெடாக்குக்கு வித்துட்டோம்."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "கோழித் தீவனத்துக்குப் பிள்ளையை விற்றீர்களா?" என்று மலாயில் உரக்கக் கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் கழுத்தை நீட்டினார்கள். காகிதங்களை வாரிக்கொண்டு வெளியே வந்தோம்.

"ஒங்கள யாரு வாயத் தெறக்கச் சொன்னா?"

"நீதானே மலாயில என்னன்னு என்னைப் பார்த்த?"

பஸ் ஓட்டுகிற மனிதருக்கு எப்போது பிரேக் போடுவது என்று தெரிய வேண்டாமா?

பிறகுதான் புக்கிட் பெருவாங்கில் காகிதக் கடை வைத்திருக்கும் அப்துல் லத்தீப் பாயிடம் போனோம். மனுக்களும் விண்ணப்பப் பாரங்களும் நிரப்பிக் கொடுப்பவர். எங்கள் கதையைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவர்.

"தங்கச்சி, அந்தத் தவிட்டுக் கதைய இனி எங்கயும் எடுக்காதீங்க. காகிதத்துல உங்க அக்காதான் அம்மா. அப்ப அவங்களே உங்களுக்குத் தத்து கொடுக்கட்டும். சித்தி தத்து எடுக்கிறது நடக்கிற காரியம்லா."

"நான் பெத்தவ, பாய்!"

"பெத்ததுக்குக் காகிதம் இருக்கா?"

இல்லை. வயிற்றில் கோடு இருக்கிறது, அதை யாரிடம் நீட்டுவது?

சரி என்று அக்காவுக்குக் காகிதம் அனுப்பினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் ரேகை வைத்து அனுப்பினாள். மறுபடி அனுப்பினேன். இரண்டு மாதம் சத்தமே இல்லை. அவர்கள் ஊர்க் கடைக்குப் போன் போட்டு, அவளை வரவழைத்துப் பேசினேன். "வாங்குனவ நானு. கல்யாணத்தப்பதான் திருப்பித் தரணும், அதான் மொறை" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனையே கடித்துத் தின்றிருப்பேன். கடைசியில் அவளே அழுது, அவளே சரியான இடத்தில் ரேகை வைத்து அனுப்பினாள். பத்து வருடம் சோறு போட்டு வளர்த்தவள். அவள் அழுததில் தப்பில்லை என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் அன்று திட்டினேன்.

செப்டம்பரில் ஊர்க்காரர் ஒருவரோடு தேவி சுபாங் ஏர்போர்ட்டில் வந்து இறங்கினாள். ஒரு மாத விசா. அதற்குள் நேர்காணல் முடிந்து தத்து உறுதியானால் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் திரும்ப வேண்டியதுதான்.

பதினான்கு வயதில் என்னை விட உயரமாக இருந்தாள். கேட்டால் மட்டும் பேசினாள். "சித்தி, போதும்." "சித்தி, குளிக்கப் போகட்டா?" ஒவ்வொரு சித்திக்கும் எனக்குள் சுருக்கென்றது. அப்படிக் கூப்பிடாதே என்று சொல்லவும் வழியில்லை. "பிள்ள நல்லா கூப்பிடுது. ஆபீசுலயும் இப்படியே சொல்லட்டும்" என்று பாய் வேறு மெச்சிக்கொண்டார். இதற்கு நான் யாரைக் கோபித்துக்கொள்வது?

நேர்காணல் அன்று காலையில் அவளுக்குப் பின்னல் போட்டபடி, பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்த பதிலை ஒப்பித்துக்கொண்டிருந்தேன். புக்கான் அனாக் சாயா. புக்கான் அனாக் சாயா.

"அப்படின்னா என்ன சித்தி?"

"என் பிள்ளை இல்லைன்னு அர்த்தம்" என்றேன், நேரமாகிவிட்ட எரிச்சலில். பின்னல் முடியும்வரை தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆபீசில் அதே புவான். நல்லவேளை, எங்களை அடையாளம் தெரியவில்லை. காகிதங்களைப் புரட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. பேனா மூடியைக் கழற்றிவிட்டார். கடைசியாக ஒரு கேள்வி, கேட்டாக வேண்டியது என்றார். இந்தப் பெண் நீங்கள் பெற்ற பிள்ளையா?

வீராசாமி மேசைக்கடியில் என் காலை மிதித்தார். எப்படியோ சொன்னேன்.

"புக்கான்."

தேவி நிமிர்ந்தாள். என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா" என்றாள்.

அந்த ஒரு சொல் மலாக்காவில் யாருக்குத்தான் புரியாது? புவானின் பேனா நின்றுவிட்டது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, ஓங்கி ஒரு அறை விடவும் தோன்றியது. பத்து வருடமாக நான் ஏங்கிக் கிடந்த சொல். வீட்டில் சொல்ல ஒரு முழு வாரம் இருந்தது. இந்த மேசைக்கு முன்னால் வந்துதான் சொல்ல வேண்டுமா?

வீராசாமி அன்று முதல்முறையாக உருப்படியாகப் பேசினார். எங்கள் ஆட்கள் மரியாதைக்கு எந்தப் பெண்ணையும் அம்மா என்பார்கள், கடைக்காரியைக்கூட அப்படித்தான் கூப்பிடுவோம் என்று பல்லைக் காட்டி விளக்கினார். புவானும் தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த வழக்கம்தான். பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்படியானால் உங்கள் பிள்ளை இல்லை?"

தேவி என் முந்தானையை விடவில்லை. அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு சொல். சொன்னால் அவள் என்னோடு இருப்பாள். ஒருமுறை சொன்னவளுக்கு இன்னொருமுறை சொல்ல என்ன கஷ்டம்?

"என் பிள்ளைதான், புவான்" என்றேன். "நான் பெத்தது."

புவான் பேனாவை மூடினார். பிறகு காகிதங்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். அப்படியென்றால் இது செல்லாது. வக்கீலைப் பார், கோலாலம்பூரில் ரத்தப் பரிசோதனை செய், பெற்றவள் என்று நிரூபித்துப் புதிதாக எழுதிப் போடு என்றார். குரலில் கோபம் இல்லை. அதுவரை பெண் ஊருக்குத் திரும்பத்தான் வேண்டும்.

படியிறங்கும்போது வீராசாமி இருவரையும் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே முன்னால் போனார். எட்டு மாதம் ஓடியது, பாய் பட்ட பாடு, எல்லாம் போச்சு என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை.

"சித்தின்னு சொல்லியிருந்தா நீ இங்கயே இருந்திருக்கலாம்டி" என்றேன். "அது தெரியுமா தெரியாதா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"இல்லைன்னு சொன்னீங்களே" என்றாள். "இருன்னா இருக்க மாட்டேனா? இல்லைன்னு சொல்லிட்டு எப்படி இருக்கச் சொல்றீங்க?"

அக்காவைத் திட்டினேன், புருஷனைத் திட்டினேன், ஆபீசைத் திட்டினேன். அன்று யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. விசா முடிய இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தேன்.