அடியில் கிடந்த பெட்டி

மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது காலை பத்து மணி. நான் ஆபீஸில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். பதினேழாம் படுக்கையில் உங்கள் வீட்டு அம்மாவைச் சேர்த்திருக்கிறோம், கையெழுத்துப் போட உடனே வாருங்கள் என்றாள் நர்ஸ். எங்கள் வீட்டில் சேர்ப்பதற்கு அம்மாவே கிடையாது, தப்பான நம்பர் என்று எரிந்து விழுந்தேன். அவள் நிதானமாக எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தாள். என் எண்தான். திரையில் அந்த அம்மாவின் பெயருக்குக் கீழே, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இடத்தில் அது இருக்கிறதாம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அதே மருத்துவமனையில், அதே வார்டில், என் எண்ணைக் கொடுத்துச் சேர்த்தது என் அண்ணனை. அங்கேயே போய்விட்டான். கூடவே இருந்த அண்ணி பத்து நிமிடம் தண்ணீர் பிடிக்கப் போனாள், வந்து பார்த்தால் முடிந்திருந்தது. துடிப்பு நின்றால் அடிக்க வேண்டிய மிஷின் அலாரம் அடிக்கவில்லை. திரையில் துடிப்பு நன்றாகத்தான் ஓடியது என்று அண்ணி அழுதுகொண்டே சொன்னாள். உளறாதீர்கள் என்று நான்தான் அவள் வாயை அடைத்தேன். அந்தத் திரைக்குப் பின்னால் ஓடும் புரோகிராம் நான் எழுதியது. என் எழுத்தில் தப்பு வராது என்று அவ்வளவு திமிர் எனக்கு.

எழுதியது C மொழியில். நோயாளி வரும்போதெல்லாம் நினைவகத்தில் இடம் தேடி அலையாமல், மிஷினைப் போட்டதுமே மொத்தமாக வாங்கி நாற்பது பெட்டிகளாக வெட்டி அடுக்கிவிடுவேன். மெமரி பூல் என்போம். ஆள் வந்தால் அடுக்கின் மேலே இருக்கும் பெட்டியை எடுக்கும்; அவர் பெயர், வீட்டு எண், துடிப்பு எல்லாம் அதில்தான். ஆள் போனால் மேலேயே திருப்பி வைக்கும். அடியில் சிக்கிய பெட்டி, வார்டு நிரம்பி வழிந்தால்தான் வெளியே வரும்.

திருப்பி வைக்கும் முன் பெட்டியைத் துடைக்க ஒரு வரி இருந்தது. நேரம் வீண் என்று அதைத் தூக்கிவிட்டேன். பழசு ஒட்டிக்கொண்டு வரும் என்று கூட வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அடுத்த ஆள் வந்தால் மேலே எழுதத்தானே போகிறோம், உங்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம் என்று அவரை உட்காரவைத்தேன்.

வார்டில் கால் வைக்க இடமில்லை. பதினேழில் வயதான ஓர் அம்மா, கண்மூடிக் கிடந்தார். மார்பில் ஒட்டவேண்டிய கம்பிகள் இன்னும் கொக்கியில் தொங்கின. ஆனால் திரையில் இதயத் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"கம்பியே மாட்டல. பேய் பூந்த மாதிரி அதுபாட்டுக்கு ஓடுது," என்றாள் நர்ஸ்.

பேயெல்லாம் இல்லை, அண்ணன் என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் சந்தோஷப்பட்டேன். அவன் பெட்டி எட்டு மாதம் அடியில் கிடந்து, வார்டு நிரம்பியதால் இன்று மேலே வந்திருக்கிறது; அந்த அம்மாவுக்கு யார் எண்ணையும் எழுதாததால் என் எண்ணும் அதில் அப்படியே நிற்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று திரையில் விரல் வைத்து நின்றேன். அண்ணன் துடிப்பு எனக்குப் பழக்கம். சின்ன வயதிலிருந்தே பத்துப் பன்னிரண்டு துடிப்புக்கு ஒன்று விட்டுப்போகும். லீவு போடுகிற ஆபீஸர் என்று வீட்டில் கிண்டல் செய்வோம்.

எண்ணினேன். இருபது, முப்பது, அறுபது. ஒன்றுகூட விடவில்லை.

அண்ணனுக்கும் முன்னால் இருந்த யாருடைய துடிப்போ அது. ஏதோ ஓர் இடநெருக்கடி நாளில் அந்த ஆளின் கம்பியைக் கழற்றாமலே யாரோ ஒரு நர்ஸ் 'டிஸ்சார்ஜ்' பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். 'கம்பி மாட்டியாயிற்று' என்ற குறி அழியாமல் பெட்டியில் தங்கிவிட்டது. அதனால் அண்ணனுக்கு உண்மையிலேயே கம்பி மாட்டியபோது மிஷின் புதிதாகக் கேட்கத் தொடங்கவே இல்லை. பழைய ஆளின் துடிப்பையே திரும்பத் திரும்ப ஓட்டியது. அண்ணனின் நெஞ்சை அது ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை.

திரையை அணையுங்கள், கையில் பிடித்துத் துடிப்பு பார்க்கும் மிஷினைக் கொண்டுவாருங்கள் என்று கத்தினேன். நர்ஸ் முறைத்தாள், ஆனாலும் ஓடினாள். கை மிஷினில் அந்த அம்மாவின் துடிப்பு நிமிடத்துக்கு முப்பத்தைந்துதான். டாக்டர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பிழைத்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மதியத்துக்குள் அந்த வரியைத் திரும்பப் போட்டு, இந்த மிஷின் இருக்கும் எல்லா மருத்துவமனைக்கும் எச்சரிக்கை அனுப்பினோம். அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பிறகு அண்ணி வேலை செய்யும் தையல் கடைக்குப் போனேன். மேஜையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, வரி எதுவும் அவளுக்குப் புரிந்திருக்காது. ஒன்றைத்தான் கேட்டாள்.

"அப்ப நான் தண்ணி பிடிக்கப் போனது?"

"அதுல ஒண்ணுமே இல்ல அண்ணி. நீங்க அங்கயே உக்காந்திருந்தாலும் அது நல்லாத்தான் காட்டியிருக்கும். தப்பு என்னோடது."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அழுவாள், இல்லை அடிப்பாள் என்று காத்திருந்தேன். இரண்டும் செய்யவில்லை.

"நான் போனதாலதான் அவர் போயிட்டார்னு, எட்டு மாசமா ஒரு ராத்திரி நான் முழுசாத் தூங்கல. உனக்குத் தெரியுமா?"

தெரியாது. நான் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன்.