ஆணியில் தொங்கிய சுவெட்டர்

மலையகத்தில் குளிர் என்று ஒன்று கிடையாது. நுவரெலியாவைப் பார்க்க வரும் கொழும்புக்காரர்களுக்காக ஹோட்டல்காரர்கள் கட்டிவிட்ட கதை அது. இதை நிரஞ்சன் சிரிக்காமல் சொல்லுவான். ஹட்டனில் போன் திருத்தும் கடையில் வேலை பார்ப்பதால் காலநிலைக்கும் தானே பொறுப்பு என்று ஓர் எண்ணம். தை மாதக் காலையில் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் சுவெட்டரும் குல்லாவுமாகப் போவதைக் கண்டால், இலைமேல் இலையாகச் சுற்றிய கோவா மூட்டைகள் சந்தைக்குப் போகின்றன என்பான்.

காலையில் பனி, பத்து மணிக்கு வெயில், பதினொன்றுக்கு மழை, இதற்கு எப்படி வெறும் சட்டை போதும் என்று மனைவி சுலக்ஷனா சண்டை பிடித்துப் பார்த்தாள். பிறகு ஒருநாள் நிறுத்திக்கொண்டாள். நிரஞ்சன் அதை வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

அவனை நம்பிய ஒரே ஆள் நாலு வயது மகள் பூரணி. "எனக்குக் குளிரவே இல்லப்பா" என்பாள், இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு. சுலக்ஷனா விடியும்போதே கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் பூரணியை விடுவது அவன் பொறுப்பு. வெறும் சட்டையோடு வாசலில் இறக்கிவிட்டு, உலகத்தில் தன் பக்கம் ஒருத்தியாவது இருக்கிறாள் என்ற தெம்பில் பஸ் ஏறுவான்.

அன்றைக்கு பஸ் வரவில்லை. திரும்பும் வழியில் மகளை எட்டிப் பார்க்க உள்ளே போனான். சிவப்புச் சுவெட்டர், காதுவரை குல்லா, காலில் கம்பளி மேசோடு உட்கார்ந்து பூரணி பாண் தின்றுகொண்டிருந்தாள்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் லெட்சுமி எதையும் மறைக்கவில்லை. "மூணு மாசமாத் தம்பி. ஒங்க வீட்டுல ஒரு பை குடுத்து வச்சிருக்கு, அந்தா அந்த ஆணியிலதான் தொங்கும். நீங்க ரோட்டு முடக்குத் திரும்புனதும் மாட்டி விட்டுருவேன். சாயந்தரம் வீட்டுக்குப் போறப்போ பாப்பாவே ஞாபகமாக் கழட்டிரும்."

இது யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டான். லெட்சுமி கொஞ்சம் யோசித்தாள்.

"கங்காணி ஐயாவுக்குத் தெரியுமான்னு தெரியல."

நிரஞ்சன் மகளைப் பார்த்தான். "குளிரலன்னு எங்கிட்ட சொன்னியேம்மா?"

பூரணி பாணை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள். "சொல்லலன்னா நீங்க பாவம்ப்பா. ஒங்க பக்கம் யாருமே இல்லல்ல."

சுலக்ஷனா ஏமாற்றியதைக்கூட எப்படியாவது பொறுத்துக்கொள்ளலாம். இது அப்படியில்லை. தன்னுடைய ஆள் என்று அவன் ஊரெல்லாம் காட்டித் திரிந்தவள், அவன்மேல் இரக்கப்பட்டு மூன்று மாதம் பொய் சொல்லியிருக்கிறாள்.

வேலைதான் கெட்டுப்போயிற்றே, வா வீட்டுக்குப் போகலாம் என்றான். வெளியே எதிரே நிற்கும் ஆள் தெரியாத பனிமூட்டம். பூரணி பழக்கதோஷத்தில் வாசற்படியிலேயே நின்று குல்லாவைக் கழற்றிக் கீழே வைத்து, சுவெட்டர் பொத்தான்களையும் மளமளவென்று அவிழ்த்தாள்.

நிரஞ்சன் குந்தி உட்கார்ந்தான். குல்லாவை எடுத்து அவள் காதை மூடினான். கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போடத் தொடங்கினான். பாதியில் பனி விலகி வெளிச்சம் பளீரென்று அடித்தது.

"வெயில் வந்திருச்சுப்பா" என்றாள் பூரணி.

அவன் கழுத்துப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான்.