தட்டாமல் வந்த கத்தி

ஆறு கத்திகள் இறங்கிவிட்டன. கூடைக்குள் அவள் முழங்கால் தாடையில் இடிக்க, முதுகை வளைத்து மடங்கிக் கிடந்தாள். பத்தொன்பது வருஷமாக இதே மடிப்புதான். புருஷன் எந்தப் பக்கம் கத்தியை இறக்கப்போகிறானோ அந்தப் பக்கம் கூடையில் இரண்டு தட்டு தட்டுவான், அவள் நகர்ந்துகொள்வாள். அவ்வளவுதான் வித்தை. கைதட்டல் அவனுக்கு, கழுத்துவலி அவளுக்கு.

பஸ் நிலைய வாசலில் அன்று நல்ல கூட்டம். கூடைப் பின்னலின் இடுக்கு வழியே அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். அதில் பளபளக்கும் ஷூ ஒன்று முன்னால் வந்தது.

"உள்ள ஆளே இல்லய்யா. அவ அப்பவே பின்பக்கமா நழுவியிருப்பா," என்றான் ஷூக்காரன். கூட்டம் சிரித்தது.

புருஷனைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிடும். "ஆளில்லையா? இந்தாங்க சார் கத்தி. நீங்களே குத்திப் பாருங்க!"

அவள் உடம்பை இன்னும் குறுக்கிக்கொண்டாள். எப்படியும் தட்டிவிடுவான் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். தட்டவில்லை. தட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

கத்தி தோளைக் கிழித்துக்கொண்டு போனது. தொண்டை வரை வந்த கத்தலை உதட்டைக் கடித்து விழுங்கினாள். முழங்கை வரை சூடாக நனைந்தது. பெண்டாட்டியின் உயிரைவிட நாலு பேர் சிரிப்பு அவனுக்குப் பெரிதாகப் போய்விட்டதா?

கத்திகளை உருவி மூடியைத் திறந்தான். வழக்கமாகக் கைகளை விரித்துச் சிரித்தபடி எழுவாள். இன்று வெறுமனே எழுந்தாள். சிவந்த கையைப் பார்த்துக் கூட்டம் விசிலடித்தது. "சாயம் பிரமாதம்!" என்றான் எவனோ.

புருஷனின் முகம் வெளிறியது. ஆனாலும் பல்லிடுக்கில் முணுமுணுத்தான்: "சின்னக் கீறல்தான். சிரி. எல்லாரும் பாக்கறாங்க."

வலிக்குதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சிரித்துத் தொலைத்திருப்பாளோ என்னவோ. சின்னக் கீறலாம்! அவள் கூடையிலிருந்து இறங்கினாள்.

"ஏறு."

"என்னது?"

"ஏறுய்யா உள்ள!"

கல்யாணமான நாளிலிருந்து வாங்க, போங்க தவிர வேறு பேசாதவள். கூட்டத்துக்குக் கொண்டாட்டமாகிவிட்டது.

"எனக்கு இதெல்லாம் வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கும்தான் வராது. வரவழைச்சேல்ல? ஏறு."

"பயந்துட்டான்யா!" என்றான் ஷூக்காரன். மறுபடியும் சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் அவனைக் கூடைக்குள் தள்ளியது. தொந்தி மடங்கவில்லை, முழங்கால் அடங்கவில்லை. மூடியைக் காலால் அழுத்தி ஒருவழியாகச் சாத்தினாள்.

கத்தியை எடுத்தாள். தட்டவில்லை. பின்னலுக்குள் மெல்ல, மிக மெல்ல நுழைத்தாள்.

"பாத்து... பாத்துடி..." உள்ளே குரல் நடுங்கியது. சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கூடைக்குள்ளிருந்து ஒரு முனகல்கூட வெளியே வந்ததில்லை.

கத்தி மெத்தென்று எதிலோ முட்டி நின்றது.

"குத்து! குத்து!" என்று ஷூக்காரன் ஆரம்பித்தான். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். அவள் அழுத்தவும் இல்லை, இழுக்கவும் இல்லை. முழங்கையிலிருந்து ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அவன் மூச்சு விட விட, அவள் உள்ளங்கைக்குள் கத்தி முன்னும் பின்னுமாக அசைந்தது.