புஷ்பலதாவின் உறுமி

புஷ்பலதாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கமுந்திங் கையுறை ஆலையில் வருஷக்கணக்காக நின்று நின்றே அவள் இடது காலில் நரம்பு புடைத்துச் சுருண்டு கிடந்தது. அன்று காலை ஈப்போவில் டாக்டர் சுபாஜினி ஸ்கேனில் பார்த்துப் பார்த்து ஊசி போட்டு அந்த நரம்பை அடைத்துவிட்டார். கத்தியும் இல்லை, தையலும் இல்லை. இறுக்கமான காலுறையை மாட்டிவிட்டு, "இண்டைக்கே நடக்கத் தொடங்குங்கோ, படுத்துக் கிடக்கக் கூடாது" என்றுதான் சொல்லி அனுப்பினார்.

குனோங் ராபாட் வீட்டிலோ கதையே வேறு. கணவன் தர்மேந்திரனுக்கு ஊசி என்றாலே ஆபரேஷன். ஆபரேஷன் என்றால் புண் ஆற்றும் ஹாருவான், அதாவது விரால் மீன் சூப்பும் படுக்கையும். அவள் காலைத் தலையணைகள் மேல் தூக்கி வைத்துவிட்டு, கோயில் தலைவர் சன்னாசிக்குப் போனும் போட்டுவிட்டான்.

"அண்ணே, திருவிழாவுக்கு புஷ்பா உறுமி அடிக்க மாட்டா லா. வேற ஆளப் பாருங்க."

அடுத்த மாதம் பழைய தோட்டத்துக் கோயில் திருவிழா. பெண்கள் உறுமி மேளக் குழு சாமிக்கு முன்னால் போவது இதுதான் முதல் தடவை. சன்னாசியிடம் ஒற்றைக் காலில் நின்று அதற்கு அனுமதி வாங்கியவளே அவள்தான்.

"யாரக் கேட்டு போன் போட்டீங்க?"

"காலு முக்கியமா, உறுமி முக்கியமா?"

"ரெண்டும் என்னுது லா!"

சூப்பைக் குடித்தாள், அதை வீணாக்குவானேன்! குடித்த கையோடு தெருவில் இறங்கி நடந்தாள். எங்கே விழுந்துவிடுவாளோ என்று தர்மேந்திரன் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். அக்கம்பக்கத்தார் வாசலுக்கு வந்து சிரித்தார்கள். கடைசியில் மூச்சிரைக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அவன்தான். அங்கிருந்தே மறுபடியும் போனை எடுத்தான்.

"அண்ணே, நான் சொன்னத மறந்துருங்க. அவளே வாரா."

தினமும் நடந்தாள். திருவிழாவுக்கு முன்னால் டாக்டர் மறுபடி பார்த்து, "வடிவாய் ஆறியிருக்கு, போய் அடியுங்கோ" என்றார்.

சாமி புறப்பட்டது. உறுமியைத் தோளில் மாட்டி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு புஷ்பலதா முன்னால் நடந்தாள். காலில் கனமே தெரியவில்லை. பின்னால் சன்னாசி கத்துவது கேட்டது.

"ஏய் தர்மேந்திரா! சாமி அங்கேயே நிக்குது, உன் பொண்டாட்டி எங்கயோ போயிட்டா! மெதுவாப் போகச் சொல்லுடா!"

"நீங்களே போய்ச் சொல்லுங்க அண்ணே. எனக்கு அந்தத் தைரியம் இல்ல!"

அவன் குரலில் பெருமை தாங்கவில்லை. புஷ்பலதா உறுமித் தோலில் குச்சியை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.